வாரச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு இல்லாமல் நான் விட்ட 22,000 ரூபாயும் ஒரு பயங்கர இரவும்

போன ஆடி மூணாவது வெள்ளிக்கிழமை காலையில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், ஆறு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும், மூணு மாசத்துக்குக் கனமான வேலை எதுவும் கூடாது என்று அனுப்பி வைத்தார்கள். நாங்கள் இருப்பது திருப்பூரில். நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசர், சரக்கு கிளம்புகிற வாரத்தில் எத்தனை மணிக்கு வீடு வருவேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்காரர் மஸ்கட்டில். வீட்டில் மாமா (இருபது வருஷமாகச் சர்க்கரை), ஒன்பதாவது படிக்கிற பையன், நாலாவது படிக்கிற பொண்ணு, இப்போது படுக்கையில் அத்தை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையில் டப்பா கட்டித் தருவதிலிருந்து ராத்திரி அடுப்பைத் துடைப்பது வரை எல்லாம் அத்தைதான் பார்த்தார். நான் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வந்து குழம்பு வைப்பேன், அவ்வளவுதான். எனக்குச் சமைக்கத் தெரியும், அதனால் பெரிய கஷ்டம் இருக்காது என்றுதான் நினைத்தேன். சமைக்கத் தெரிவது வேறு, ஐந்து பேருக்கு ஏழு நாளும் மூணு வேளை நேரத்துக்குச் சாப்பாடு வர வைப்பது வேறு என்று யாராவது அன்றைக்கே எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். இதே நிலைமையில் இப்போது யாராவது இருப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரம் சாப்பாடு வரவழைக்கிற செயலியில்தான் ஓடியது. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடுவில் வேறு வழி தெரியவில்லை. ராத்திரிக்குப் பரோட்டா, பிரைடு ரைஸ், மாமாவுக்கு மட்டும் இட்லி, எப்படிப் பார்த்தாலும் ஒரு வேளைக்கு 380லிருந்து 450 ரூபாய். அன்றன்றைக்குப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. பின்னாடி உட்கார்ந்து யுபிஐ கணக்கைக் கூட்டினால் ஐந்து வாரத்தில் வெளிச்சாப்பாட்டுக்கு மட்டும் 14,260 ரூபாய் போயிருந்தது. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னால், "பரவால்ல விடு, வாங்கிக்கோ, நான் அனுப்பறேன்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. பணம் எனக்குப் பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு மேல் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கு ராத்திரி என்ன செய்வது என்று நினைக்கிறபோது வயிற்றைக் கலக்குமே, அதை யாரிடம் சொல்வது?

சமையலுக்கு ஆள் கேட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவில் கேட்ட அக்காமார் எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், சனிக்கிழமையானால் கையில் சம்பளம் வாங்குகிறவர்கள், வீட்டு வேலைக்கு ஏன் வரப் போகிறார்கள்? அப்போதுதான் வீட்டுச் சாப்பாடு செய்து தினமும் கொண்டு வந்து தருகிற ஒருவரைப் பற்றித் தெரிந்தவர் மூலம் கேள்விப்பட்டேன். ராத்திரி சாப்பாடு மட்டும், ஐந்து பேருக்கு நாள் ஒன்றுக்கு 300, மாதத்துக்கு 9,000, முன்பணம் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்துவிட்டேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சாம்பாரில் தண்ணீர் கூடியது, எட்டு மணிக்கு வர வேண்டியது எட்டே முக்காலுக்கு வந்தது, பதினோராவது நாள் வந்த பொரியல் கெட்டிருந்தது. கேட்டதற்கு நாளையிலிருந்து சரி செய்கிறோம் என்றார்கள், அந்த நாளை வரவேயில்லை, போனும் எடுக்கவில்லை. 5,700 ரூபாய் போச்சு. இப்படி யாரிடமாவது சாப்பாடு எடுப்பதாக இருந்தால் வாரத்துக்கு வாரம் மட்டும் பணம் கொடுங்கள், அதுவும் முதலில் மூன்று நாள் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு. வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை ருசிக்கு முன்னால் கேளுங்கள்.

சரி, நாமே செய்துவிடலாம் என்று முடிவு பண்ணி, ஆபீசில் ஆர்டர்களுக்குப் போடுகிற மாதிரியே எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். ஏழு நாள், மூணு வேளை, இருபத்தொரு வேளைக்கும் இருபத்தொரு விதமான சாப்பாடு. பார்க்க அழகாக இருந்தது. சனிக்கிழமை போய் 1,900 ரூபாய்க்குக் காய்கறி வாங்கி வந்தேன். திங்கள் ஓடியது, செவ்வாய் பாதி ஓடியது, புதன்கிழமை ராத்திரி குருமாவுக்குத் தேங்காய் இருந்தது ஆனால் பட்டாணி ஊறவில்லை. குளிர்பெட்டியின் கீழ்த்தட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கவருக்குள் கட்டியபடியே வைத்த கொத்தமல்லி கறுத்துக் குழைந்து கிடந்தது, அதன் அடியில் பீன்ஸ் வழுவழுவென்று நீர் விட்டு, பக்கத்திலிருந்த வெண்டைக்காயையும் சேர்த்துக் கெடுத்திருந்தது. அதை எடுத்துக் குப்பையில் போடும்போது கை நாற்றத்தோடு சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்த ஒரு மாதத்தில் இப்படிக் காயும் மாவும் பாலுமாகத் தூக்கிப் போட்டது குறைந்தது 2,500 ரூபாய் இருக்கும். எல்லாம் சேர்த்தால் 22,460.

இப்போது அந்த வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சரக்கு கிளம்பும் நாள். நான் வீடு வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அட்டவணையில் சப்பாத்தியும் குருமாவும் என்று இருந்ததால் மாவு பிசைந்து காய் நறுக்க ஆரம்பித்தேன். மாமா வழக்கம்போல எட்டு மணிக்கே, சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார். பசிக்குதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானே களைத்து வந்திருக்கிறேன் என்று பேசாமல் இருந்திருக்கிறார். ஒன்பதே முக்கால் இருக்கும், பையன் ஓடி வந்தான். "அம்மா, தாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சிருக்குது, கூப்பிட்டா என்னமோ மாதிரி பேசறாரு." போய்ப் பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. அத்தை கட்டிலில் இருந்தபடியே, "சக்கரையக் கரைச்சுக் குடு கண்ணு, மொதல்ல அதக் குடு" என்று கத்தினார். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, குடிக்கக் குடிக்கவே விரலில் குத்திப் பார்த்தேன், 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது 96. அதற்கு மேல் இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் டாக்டரிடம் சொன்னபோது, மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் இப்படித்தான் ஆகும், தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள் என்றார். வீட்டில் வயதானவர்கள் இந்த மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார்கள் என்றால் அவர்களுடைய டாக்டரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மயக்கமாகி விழுங்க முடியாத நிலைக்குப் போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான் என்பதையும் அவர்தான் சொன்னார்.

சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். "அத்தை, இத்தன வருசமா நீங்க என்ன கணக்குல சமைச்சீங்க, சொல்லுங்க" என்று கேட்டேன். "அதுல என்ன கண்ணு கணக்கு இருக்குது, இருக்கறத வெச்சு ஆக்கறதுதான்" என்றார். ஆனால் பேசப் பேச ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை கீரைக்கார அம்மா தெருவுக்கு வருவார், அதனால் செவ்வாய் கீரை. ஞாயிறு சாயங்காலமும் புதன் சாயங்காலமும் மாவு ஆட்டுவது. திங்கட்கிழமை எல்லாருக்கும் அலுப்பாக இருக்கும், அதனால் ஒரே குக்கரில் முடிகிற அரிசிம்பருப்பு சாதம். வெள்ளிக்கிழமை வீடு துடைக்க வேண்டும், நின்று பொரியல் தாளிக்க நேரம் இருக்காது, அதனால் காய் எல்லாம் போட்ட சாம்பார், அப்பளம். பத்து வருஷத்துக்கு மேல் அந்தச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறேன், திங்கட்கிழமை ஏன் அரிசிம்பருப்பு என்று ஒரு நாள் கூட யோசித்ததில்லை. எனக்கு அப்போது ரொம்பக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இத்தனையையும் ஒரு மனுஷி தனியாகத் தலையில் தூக்கிச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார், அவர் விழுந்தவுடன் எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

அந்த நோட்டிலிருந்து நான் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். என்ன சாப்பாடு என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அதுதான் என் எக்செல் செய்த தப்பு. முதலில் நேரத்தை எழுதுங்கள். எங்கள் வீட்டில் காலை 7.45க்கு டப்பா மூடியாக வேண்டும், ராத்திரி 8.15க்கு மாமா தட்டு முன்னால் இருக்க வேண்டும், இந்த இரண்டும் அசையாது. அதற்குப் பிறகு யார் எந்த நாள் வீட்டில் இருக்கிறார்கள், எனக்கு எந்த நாள் தாமதமாகும் என்று எழுதினேன். எனக்கு வியாழன் பெரும்பாலும் தாமதம். அப்படியென்றால் வியாழன் ராத்திரி புதிதாக எதுவும் செய்யக் கூடாது, புதன் ஆட்டிய மாவும் காலையில் வைத்த சாம்பாரும் போதும், நான் வராவிட்டாலும் பையன் தோசை ஊற்றித் தாத்தாவுக்குக் கொடுத்துவிடுவான். அவனுக்குத் தோசை சொல்லிக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது. முதல் நாலு தோசை பிய்ந்தது, ஐந்தாவது வட்டமாக வந்தது.

மாவுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் வாரத்தையே தாங்குவது மாவுதான். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மத்தியானம் மாமாதான் ஊறப் போடுவார், சாயங்காலம் கிரைண்டரில் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலக்கி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும், மார்கழிக் குளிரில் கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூணாம் நாள் கொஞ்சம் புளிப்பு ஏறியிருக்கும், அதில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டுப் பணியாரமோ ஊத்தப்பமோ. அன்றைக்கு அடுத்த மாவு ஆட்டுகிற நாள். நான் செய்த தப்பு, ஒரே தடவையில் ஒரு வாரத்துக்கும் ஆட்டி வைத்தது. ஐந்தாம் நாள் பிள்ளைகள் புளிப்பென்று தள்ளி வைத்தார்கள், பாதி மாவு வீண். அத்தை கட்டிலிலிருந்தே கிண்ணத்தில் ஒரு கரண்டி உளுந்து மாவைக் கொண்டு வரச் சொல்வார். ஒரு டம்ளர் தண்ணீரில் சின்னதாக ஒரு உருண்டையைக் கிள்ளிப் போடுவார். மிதந்தால் சரி, முங்கினால் "இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்பார். அதற்குப் பிறகு இட்லி கல்லாக வந்ததே இல்லை.

அடுத்து காய். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பல்லடம் ரோட்டில் இருக்கிற தெற்கு உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். தள்ளிப் போனால் நல்ல காய் போய்விடும். இப்போது ஒரு வாரத்துக்கு 650லிருந்து 750க்குள் முடிகிறது. எதைச் சமைப்பது என்பதை எது முதலில் கெடும் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். வெண்டை, கத்தரி, புடலை எல்லாம் புதனுக்குள். பீன்ஸ், அவரை, முருங்கை வெள்ளிக்குள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் வாரக் கடைசிக்கு. பூசணி, சேனை வெளியிலேயே இருக்கும், எதுவும் இல்லாத நாளுக்கு அதுதான் கை கொடுக்கும். கவரோடு உள்ளே வைக்காதீர்கள், ஈரம் போகத் துடைத்துப் பழைய காட்டன் துணியில் சுற்றி வையுங்கள், கொத்தமல்லியை வேரை வெட்டிவிட்டுக் காகிதத்தில் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டால் ஒரு வாரம் பச்சையாக இருக்கிறது. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள். சின்ன வெங்காயம் உரிப்பதுதான் கொங்கு வீட்டுச் சமையலில் பாதி வேலை, அதை மாமா எடுத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி அரைக் கிலோ உரித்து விடுவார். நான் கேட்கவில்லை, அவரே ஒரு நாள் "ஏம்மா, நானென்ன சும்மாதான உக்காந்திருக்கறேன், அதக் குடு இங்க" என்று வாங்கிக்கொண்டார்.

ஆனால் இதில் எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது ஒரே ஒரு வரி. இந்தத் திட்டத்தை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் ஒவ்வொரு நாளுக்கும் நேராக, "ராத்திரி ஊற வைக்க வேண்டியது" என்று ஒரு கட்டம் போட்டேன். புதன் கொள்ளுப் பருப்பு என்றால் அந்தக் கொள்ளு செவ்வாய் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊறியாக வேண்டும். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி நேரம். மறந்துவிட்டால் மறுநாள் திட்டம் முழுவதும் சரிந்துவிடும், சரிந்தவுடன் கை தானாகச் செயலிக்குப் போகும். என் 14,000 ரூபாயில் பாதி இந்த ஊற வைக்க மறந்ததில்தான் போயிருக்கும். இப்போது அது பொண்ணு வேலை. தாளைப் பார்த்து டம்ளரில் அளந்து போட்டு, "ஊறப் போட்டாச்சு" என்று பென்சிலில் ஒரு டிக் போடுவாள்.

எவ்வளவுதான் எழுதி வைத்தாலும் ஒரு நாள் தவறத்தான் செய்யும். அதற்கென்று ஒரு அடுக்கு ஒதுக்கியிருக்கிறேன்: பருப்புப் பொடி, கோதுமை ரவை, தக்காளித் தொக்கு. தொக்கை எண்ணெய் பிரிகிற வரை வதக்கினால் குளிர்பெட்டியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும். எவ்வளவு களைப்பிலும் இருபது நிமிஷத்தில் ரவை உப்புமாவோ, சோறும் பருப்புப் பொடியும் நெய்யுமோ தட்டுக்கு வந்துவிடும். இந்த அடுக்கிலிருந்து எடுத்தால் அந்த ஞாயிறே திரும்ப நிரப்பிவிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஒரு வேளை மட்டும் வெளியே, 600 ரூபாய்க்குள், என்ன வேண்டுமென்று பிள்ளைகள் முடிவு பண்ணுவார்கள். அதை எடுத்துவிடாதீர்கள். எடுத்துப் பார்த்தேன், பிள்ளைகள் இரண்டும் செவ்வாய்க்கிழமையே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

நாள்காட்டியையும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முறிந்த எலும்பு சேரச் சத்து வேண்டும், தினமும் முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் முப்பது முட்டை ஒரு அட்டையாக வாங்கி வைத்தேன், வாங்கிய மூணாம் நாள் புரட்டாசி பிறந்துவிட்டது. அத்தை தொடவே மாட்டேன் என்றார். "பெருமாளுக்கு இருக்கற மாசங்கண்ணு, ஒரு மாசந்தான" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னபோது எனக்கு வற்புறுத்த மனசு வரவில்லை. முட்டையை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, காலையில் பால், மத்தியானம் கொள்ளு அல்லது பச்சைப் பயறு கடைசல், சாயங்காலம் சுண்டல், ராத்திரி கட்டித் தயிர் என்று அந்த மாதத்துக்கு மட்டும் தனித் தாள் போட்டேன். டாக்டரும் சரி என்றார். அமாவாசை, சஷ்டி, கிருத்திகை, வீட்டில் யார் எதற்கு விரதம் என்பதை மாத ஆரம்பத்திலேயே குறித்துவிட்டால் கறியும் முட்டையும் வாங்கிவிட்டு விழிக்க வேண்டியதில்லை.

மாமாவின் சர்க்கரை விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. சோற்றை எடுத்துவிட்டுச் சப்பாத்தியும் ராகிக் களியும் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் சொன்னது, எதைக் கொடுத்தாலும் அளவு அளவுதான், தட்டில் பாதி காய், மீதிப் பாதியில்தான் சோறும் பருப்பும். அதனால் அவருக்குத் தனிச் சமையல் இல்லை, எல்லாருக்கும் செய்கிற பொரியலையே இரண்டு மடங்கு செய்து அவருக்கு முதலில் பரிமாறுகிறேன். மூணு மாசச் சராசரி காட்டுகிற அந்த ரத்தப் பரிசோதனை ஜூனில் 7.1 இருந்தது, பரோட்டாவும் பிரைடு ரைஸும் தின்ற செப்டம்பரில் 8.4, டிசம்பரில் 7.4. ரிப்போர்ட்டை மாமா கண்ணாடி போட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

இப்போது அத்தை கைத்தடியோடு நடக்கிறார், அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து தாளிப்பார், கிரைண்டர் கல்லைத் தூக்க நாங்கள் விடுவதில்லை. தாள் அங்கேயே ஒட்டியிருக்கிறது. போன வாரம் பார்த்தால் வியாழக்கிழமைக்கு நேராக என் சாம்பாரை அடித்துவிட்டு அத்தை கையெழுத்தில் "தக்காளி குளம்பு, முருங்கக்காய் வாடுது" என்று எழுதியிருந்தார்.